நதியை எழுதுகிற மனிதன்

மஜீதா மூன்றாவது முறையாக நோட்டைக் கேட்டு வந்தபோது நான் சமையலறையில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். மே மாதத்துப் பகல், பதினொரு மணி இருக்கும். அம்மா மண்டபம் சாலையிலிருந்து எங்கள் குடியிருப்புக்குத் திரும்பும் சந்துக்குள் ஆட்டோ வராது. அவள் வெயிலில் நடந்தே வந்திருந்தாள். கதவைத் திறந்ததும் என் கண்களைப் பார்த்துவிட்டு ஓரடி பின்னால் போனாள்.

"வெங்காயம்மா" என்றேன்.

அவள் நம்பியதாகத் தெரியவில்லை. உள்ளே வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். நான் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பா நெனைக்காதீங்க சார். ஜோதிம்மாவோட கிரேக்க நோட்டு கெடைச்சிச்சா?"

"தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

பிப்ரவரியில் கேட்டபோதும் இதையே சொன்னேன். மார்ச்சில் பரீட்சைக்கு முன் கேட்டபோதும் இதையே சொன்னேன். ஆனால் ஒருநாள்கூட நான் தேடவில்லை. அந்த நோட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும்.

என் மனைவி ஜோதி தை மாதம் மூன்றாம் வாரம் இறந்துபோனாள். ஆறே நாள் காய்ச்சல். எங்கள் பக்கத்தில், துறையூருக்கு மேற்கே, இறந்துபோகிறவர்களோடு அவர்கள் கையைவிட்டுப் பிரியாத ஒன்றை வைத்து அனுப்புவார்கள். என் அப்பாவோடு அவருடைய பொடி டப்பாவை வைத்தோம். பெரியம்மாவோடு மூக்குக்கண்ணாடி போனது. ஜோதிக்கு என்ன வைப்பது என்று வீட்டிலிருந்து கிளம்பும்போது யாரோ கேட்டார்கள். நான் யோசிக்கவேயில்லை. கட்டில் தலைமாட்டில் இருந்த நீளமான நோட்டை எடுத்துக்கொண்டேன். ஓயாமரி சுடுகாட்டில் எரிவாயு மேடைக்கு முன்னால் நின்ற ஆள், "பிளாஸ்டிக் எதுவும் இருக்கக் கூடாதுங்க" என்றான். அட்டைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அங்கிருந்த கூடையில் போட்டுவிட்டு, நோட்டை அவள் கைகளுக்குக் கீழே செருகினேன். மகன் சுரேஷ்குமார், "என்னப்பா அது?" என்று கேட்டான். "அம்மா படிச்சது" என்றேன். அந்த நேரத்தில் நான் செய்த ஒரே சரியான காரியம் அது என்றுதான் அன்று நினைத்திருந்தேன்.

ஜோதி தென்னூரில் ஒரு மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவள். நோயாளிகளின் பெயரும் நோய்களின் பெயரும் எழுதி எழுதி அவள் நடுவிரலில் ஒரு காய்ப்பு இருந்தது. ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம், ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த ஒரு தாளைப் பார்த்துவிட்டு வந்தாள். ஆரம்பநிலைப் பண்டைக் கிரேக்கம், சனிக்கிழமை காலை, மேலப்புதூர். "எதுக்கு?" என்று கேட்டேன். "இந்த வியாதி பேரெல்லாம் அங்கேருந்து வந்துதாம். முப்பது வருசமா அர்த்தம் தெரியாம எழுதியிருக்கேன். தெரிஞ்சிக்கத்தான்" என்றாள். சரி என்றேன். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை தோறும் ஸ்கூட்டரில் அவளைக் கூட்டிப்போய் விடுவேன். காவிரிப் பாலம் தாண்டும்போது அவள் பின்னால் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வருவாள். "லுஓ, லுஏய்ஸ், லுஏய்." அவிழ்க்கிறேன், அவிழ்க்கிறாய், அவிழ்க்கிறான். கிரேக்கம் படிக்கிறவர்கள் எல்லோரும் முதலில் இந்த வினைச்சொல்லில்தான் கைவைப்பார்களாம். அவிழ்க்கிறானுக்கும் அவிழ்க்கிறாளுக்கும் அவர்களிடம் ஒரே சொல்தானாம். இதையெல்லாம் அவள் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொல்வாள். நான் "ம்" என்பேன். ஹெல்மெட்டுக்குள் பாதி கேட்கும், பாதி கேட்காது. தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் வகுப்பு நடந்தது. அவள் படியேறிப் போவாள். நான் வெளியே மரத்தடியில் வண்டியை நிறுத்திவிட்டு, வகுப்பு முடியும்வரை நாளிதழ் படிப்பேன். ஏழு மாதத்தில் ஒரு தடவைகூட நான் அந்தப் படிகளில் ஏறியதில்லை.

வகுப்பில் மொத்தம் நான்கு பேர். ஜோதி, மஜீதா, சரவணன், பீமராவ். சரவணன் ஸ்ரீரங்கம் கோயிலில் வெளிநாட்டுக்காரர்களுக்குச் சுற்றிக்காட்டும் கைடு. வருகிற கிரேக்கர்களிடம் இரண்டு வார்த்தை பேசலாம் என்று சேர்ந்தவனுக்கு, இது இரண்டாயிரத்து நானூறு வருடத்துக்கு முந்தைய பேச்சு என்று மூன்றாவது வாரம்தான் தெரிந்திருக்கிறது. "பரவால்ல மேடம், அவங்க தாத்தாவுக்குத் தாத்தா யாராவது வந்தா பேசிக்கிறேன்" என்றானாம். பீமராவ் சித்திரை வீதியில் இருக்கும் ஓய்வுபெற்ற தாலுகா ஆபீஸ்காரர், கொஞ்சம் சமஸ்கிருதம் படித்தவர். சமஸ்கிருதத்தில் எட்டு வேற்றுமை, தமிழிலும் எட்டு, இவர்களிடம் ஐந்துதானா, பாவம் இல்லாதப்பட்டவர்கள் என்று அவர் கேலி செய்ய, "அஞ்சை வச்சுக்கிட்டே அவங்க நல்லா குடித்தனம் நடத்தியிருக்காங்க சார், நீங்க எட்டை வச்சிக்கிட்டு என்ன பண்ணீங்க?" என்று ஜோதி கேட்டாளாம். இதெல்லாம் அவள் போன பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளும் சொல்லியிருப்பாள். நான் "ம்" என்றிருப்பேன்.

மஜீதா பாலக்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தற்காலிக ஆசிரியை. முப்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள். பழைய காசுகளையும் கல்வெட்டுகளையும் பற்றி ஒரு வருடப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அதற்கு ஏதாவது ஒரு பழைய அயல்மொழியில் சான்றிதழ் வேண்டும். மாமியார் வீட்டில் ஒரு வருடம் பொறுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வருடம் இதுதான். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் மே முப்பத்தொன்று.

"நோட்டு இப்ப படிக்கிறதுக்கு இல்ல சார்" என்றாள் மஜீதா. "பரீட்சை முடிஞ்சி போச்சு. ரிசல்ட்டை நிறுத்தி வச்சிட்டாங்க."

"ஏன்?"

"காப்பி அடிச்சோம்னு."

பிறகு அவள் சொன்னதை நான் முதல் தடவையாக முழுதாகக் கேட்டேன். பாடப்புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது. ஆசிரியை அமலராணி நன்றாகத்தான் நடத்தினார், ஆனால் ஆங்கிலம் வழியாகக் கிரேக்கத்துக்குப் போவது இவர்களுக்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது போல இருந்திருக்கிறது. ஜோதிதான், "இங்கிலீஷ்ல ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் முன்னாடி நான், நீன்னு ஆளை நிறுத்தணும். நமக்கு வால்லயே ஆள் இருக்கு. அவங்களுக்கும் அப்படித்தான். நேரா நம்ம வழியாப் போயிடலாம்" என்று சொல்லி, ஒவ்வொரு பாடத்தையும் தமிழில் எழுதிக்கொண்டு போயிருக்கிறாள். வகுப்புக்கு அரைமணி முன்னதாகவே போய்க் கரும்பலகையில் எழுதிப்போட, மற்ற மூன்று பேரும் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அவள் அவசரப்படுத்தியதால்தான் நானும் சனிக்கிழமைகளில் ஒன்பது மணிக்கே வண்டியை எடுத்தேன். வேலைக்குப் போன காலத்துப் பழக்கம், நேரத்துக்கு முன்னால் போய் உட்கார வேண்டும் அவளுக்கு என்று நினைத்திருந்தேன்.

"பரீட்சையில கடைசிக் கேள்வி, படிச்ச வார்த்தைகளை வச்சி சொந்தமா அஞ்சு வாக்கியம் எழுதணும். நான் ஜோதிம்மா போர்டுல எழுதின அஞ்சையும் எழுதினேன் சார். அவங்க இருந்திருந்தா என் பக்கத்துல உக்காந்து எழுதியிருப்பாங்க. அவங்களுக்காக எழுதணும்னு தோணுச்சு. நான் மட்டும்தான் அப்படிப் பண்றேன்னு நெனச்சேன்."

"மத்தவங்களும் அதேதானா?"

"பீமராவ் சாரும் அதே அஞ்சு. சரவணனும் அதே அஞ்சு. ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கவே இல்ல சார், சத்தியமா." அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "பெங்களூர்லேருந்து பேப்பர் திருத்தினவர் இந்தச் சனிக்கிழமை விசாரிக்க வர்றார். எங்க நோட்டெல்லாம் காட்டினா, பரீட்சைக்கு அப்புறம் எழுதி வச்சிருப்பீங்கம்பார். ஜோதிம்மா ஒவ்வொரு பக்கத்துலயும் தேதி போடுவாங்கள்ல. அவங்க கையெழுத்துல, ஆகஸ்ட் மாசத் தேதியோட அந்தப் பக்கத்தைக் காட்டிட்டா போதும்னு டீச்சர் சொல்றாங்க."

நான் கையில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. அதற்குப் பதிலாக, "அந்த அஞ்சு வாக்கியம் என்னம்மா?" என்று கேட்டேன்.

மஜீதா டம்ளரைக் கீழே வைத்தாள். பிள்ளைகள் ஒப்பிக்கும்போது நிமிர்ந்துகொள்வது போல நிமிர்ந்துகொண்டாள்.

"ஹோ ஆந்த்ரோபொஸ் மெனெய். மனிதன் காத்திருக்கிறான். மனிதன் நதியைப் பார்க்கிறான். மனிதன் நதியை எழுதுகிறான்." நிறுத்தினாள். "நாலாவது வேணாம் சார்."

"சொல்லும்மா."

"மனிதன் பேசுவதில்லை."

மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றியது.

"அஞ்சாவது?"

"பெண் மனிதனை வீட்டுக்கு அழைத்துச் செல்கிறாள்."

வண்டி ஓட்டியது நான்தானே என்று எனக்கு உடனே தோன்றியது. நான் எழுந்து சமையலறைக்குப் போய் அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும் அடுப்பை அணைப்பது போல நின்றேன். திரும்பி வந்தபோது மஜீதா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். "சனிக்கிழமை பத்து மணி சார். கெடைச்சா மட்டும் சொல்லுங்க, நான் வந்து வாங்கிக்கிறேன்" என்றாள். நான் தலையை ஆட்டினேன். நாலாவது வாக்கியத்தை நிரூபிப்பது போல ஒரு சொல்லும் சொல்லாமல் கதவைச் சாத்தினேன்.

மூன்று நாட்கள் இருந்தன. அவளுடைய மேசை இழுப்பறையையும் பழைய கைப்பைகளையும் துழாவினேன். எங்காவது இன்னொரு நோட்டு, ஒரு துண்டுத் தாள் இருக்காதா என்றுதான். காஸ் புத்தகத்தின் பின்னட்டையில் கிரேக்க எழுத்துகள் இருபத்து நான்கையும் எழுதிப் பழகியிருந்தாள். தேதி இல்லை. வாக்கியம் எதுவும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை மகனைப் போனில் கூப்பிட்டேன். ஓசூரில் தொழிற்சாலை இரைச்சலுக்கு நடுவே, "தொலைஞ்சி போச்சுன்னு சொல்லிடுங்கப்பா, அவங்களுக்கு என்ன தெரியப்போவுது" என்றான். சொல்லிவிடலாம்தான். ஆனால் தொலைந்தது என்றால் அது யாருடைய தவறும் இல்லை என்று ஆகிவிடும். அந்தப் பெண் இன்னும் கொஞ்ச நாள் அது எங்கேயாவது கிடைக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

சனிக்கிழமை நான் படியேறினேன். நினைத்ததைவிடச் சின்ன அறை. நான்கு பெஞ்சுகள், ஒரு கரும்பலகை, சுவரில் ஏதோ கடற்கரை நகரத்தின் படம். பெங்களூரிலிருந்து வந்தவர் பெயர் இளவரசன். நாற்பது வயது இருக்கலாம், பெரம்பலூர்க்காரர். கடுமையான ஆள் என்று சொல்ல முடியாது. ஆனால் மேசையில் மூன்று விடைத்தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்திருந்தார். அமலராணி ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மஜீதாவின் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் என் வெறும் கைகளைப் பார்த்தாள்.

"இவர் ஜோதியம்மாவோட வீட்டுக்காரர்" என்றார் அமலராணி.

"உக்காருங்க ஐயா. நோட்டு கொண்டுவந்திருக்கீங்களா?"

"இல்லீங்க. அது இல்ல. நான் எரிச்சிட்டேன்."

ஓயாமரியில் நடந்ததைச் சொன்னேன். பிளாஸ்டிக் உறையைக் கழற்றியதைக்கூடச் சொன்னேன். அதை ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை.

பீமராவ்தான் முதலில் வாயைத் திறந்தார். "என்ன சார் இது! பிப்ரவரியிலேருந்து தேடறேன் தேடறேன்னு சொல்லிண்டிருந்தீங்களே. அந்தப் பொண்ணு வெயில்ல மூணு தடவை நடந்து வந்தாளே."

"ஆமாங்க."

"நல்லாத் தேடினீங்க போங்க."

சரவணன் அவர் கையைப் பிடித்து அமர்த்தினான். மஜீதா என்னைப் பார்க்கவில்லை. பெஞ்சின் மேல் யாரோ பேனாவால் குடைந்திருந்த ஒரு பள்ளத்தில் விரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

இளவரசன் விடைத்தாள் ஒன்றைத் தூக்கினார். "ஐயா, உங்களை நான் நம்பலேன்னு இல்ல. ஆனா என் கஷ்டத்தையும் பாருங்க. மனிதன் காத்திருக்கிறான், சரி. நதியைப் பார்க்கிறான், யார் வேணா எழுதலாம். இந்த மூணாவதுதான் மாட்டிவிட்டது. நதியைக் கடக்கலாம், நதியில குளிக்கலாம். நதியை யாருங்க எழுதுவாங்க? ஒருத்தர் எழுதியிருந்தா அர்த்தம் புரியாம எழுதிட்டார்னு விட்டிருப்பேன். மூணு பேரும் எழுதியிருக்காங்க. அப்ப ஒருத்தர் தப்பை மத்த ரெண்டு பேரும் பாத்து எழுதினதாத்தானே ஆகும்?"

"அது தப்பு இல்லீங்க" என்றேன். "அது என் உத்தியோகம்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் நான் தொடர்ச்சியாகப் பேசியது என் பணி ஓய்வு விழாவில்கூட இல்லை. பொதுப்பணித்துறையில் முக்கொம்பு மேலணையில் முப்பத்தெட்டு வருடம் இருந்ததைச் சொன்னேன். மதகுச் சுவரில் வெள்ளைப் பூச்சின் மேல் கறுப்பு எண்கள் இருக்கும். காலை ஆறு மணிக்கு ஒரு தடவை, மாலை ஆறு மணிக்கு ஒரு தடவை, வெள்ளக் காலமென்றால் மணிக்கொரு தடவை, தண்ணீர் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். காவிரியில் எவ்வளவு போகிறது, கொள்ளிடத்தில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று திருச்சிக்குச் சொல்ல வேண்டும். கல்யாணமாகி அங்கே குவார்ட்டர்ஸில் குடிவந்த முதல் வாரத்தில், விடியற்காலையில் நான் எங்கே போகிறேன் என்று ஜோதி கேட்டாள். சொன்னேன். அன்றிலிருந்து, காப்பி டம்ளரை நீட்டும்போதெல்லாம், "என்னங்க, ஆத்தை எழுதிட்டு வந்துட்டீங்களா?" என்றுதான் கேட்பாள். உறவுக்காரர்கள் வந்து நான் எங்கே என்று விசாரித்தால், "அவரு ஆத்தை எழுதப் போயிருக்காரு" என்பாள். எத்தனையோ பேர் சிரித்திருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற மறுநாள் காலையில்கூடக் கேட்டாள். இன்னிக்கு யாரு எழுதறா என்று.

"இந்த வாக்கியம் என் வீட்டைத் தவிர வேற எங்கேயும் கெடைக்காதுங்க" என்றேன். "இவங்க மூணு பேருக்கும் அது தெரிய வேற வழியில்ல. அவ எழுதிப்போட்டுத்தான் தெரிஞ்சிருக்கணும். வேணும்னா முக்கொம்பு ஆபீஸ்ல பழைய பதிவேடு இருக்கும். என் கையெழுத்து இருக்கும். அவ கையெழுத்துக்கு..."

இளவரசன் விடைத்தாளைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். உதடுகள் அசைய அந்த ஐந்து வரிகளையும் ஒரு தடவை படித்தார். நாலாவது வரி வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது.

"காத்திருக்கிறதும் நீங்கதானா?"

"ஆமாங்க. கீழே மரத்தடியில."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, நீங்க சொன்னது எனக்குப் புரியுது. ஆனா என் ரிப்போர்ட்ல ஆத்தை எழுதின கதையை மட்டும் எழுத முடியாது. கேள்வி என்னவோ சொந்தமா எழுதணும்ங்கிறதுதான். இவங்க எழுதினது ஜோதியம்மாவோடது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு செய்யலாம். இங்கேயே, இப்பவே, ஆளுக்கு அஞ்சு வாக்கியம் எழுதட்டும். பழசு ஒண்ணும் வரக்கூடாது. ஒருத்தர் எழுதினது இன்னொருத்தருக்கு வரக்கூடாது. இதையும் சேர்த்து அனுப்பறேன். அங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு நான் இப்ப சொல்ல முடியாது."

"முப்பத்தொண்ணாந் தேதிக்குள்ள தெரியுமா சார்?" என்றாள் மஜீதா.

"முயற்சி பண்றேம்மா."

பீமராவை ஒரு மூலைக்கும் சரவணனை வேறொரு மூலைக்கும் மாற்றினார்கள். "எனக்கு அறுபத்தொன்பது வயசு, என்னைப் போய் மூலையில உக்கார வைக்கறேளே" என்று பீமராவ் முனகினார். அமலராணி வெள்ளைத் தாள்களைக் கொடுத்தார். நான் வெளியே போக எழுந்தேன். "நீங்க இருக்கலாம்" என்றார் அவர். மஜீதாவுக்கு எதிர்ப் பெஞ்சில்தான் இடம் இருந்தது, அதில் உட்கார்ந்தேன்.

சரவணன் உடனே எழுதத் தொடங்கிவிட்டான். பீமராவ் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஜீதா பேனா மூடியைக் கழற்றினாள், மாட்டினாள், மறுபடி கழற்றினாள். அவள் முன்னாலிருந்த தாள் வெறுமையாகவே இருந்தது. இந்த ஐந்து வாக்கியங்களில் அவளுடைய ஒரு வருடம் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிறது, அதைத் தொங்கவிட்டது நான் என்று நினைத்தபடி என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். பரீட்சை நடக்கும் அறையில் பேசக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது.

ஐந்து நிமிடம் போயிருக்கும். மஜீதா கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு வார்த்தை கேக்கலாமா? எங்க பாடத்துல அது வரல."

"என்ன வார்த்தை?"

அவள் அப்போதுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக, என்னைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள். ஆனால் பார்வையை எடுக்கவில்லை.

"எரிக்கிறான்."

இளவரசன் அமலராணியைப் பார்த்தார். அமலராணி என்னைப் பார்த்தார். "குடுங்க சார்" என்றேன், என்னிடம் யாரும் கேட்காதபோதும்.

இளவரசன் எழுந்து சாக்பீஸைத் தேடி எடுத்து, கரும்பலகையில் அந்தச் சொல்லை எழுதினார். ஐந்தே எழுத்துகள். நடுவிலிருந்த ஒன்றின் தலைக்கு மேலே மட்டும் ஒரு சின்னக் கோடு சாய்ந்திருந்தது. "கையெய்" என்று ஒருமுறை உச்சரித்துக் காட்டிவிட்டு, கையிலிருந்த சுண்ணாம்புத் தூளைத் தட்டிக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பினார்.

மஜீதா குனிந்து எழுதத் தொடங்கினாள். ஒரு மூலையில் பீமராவ் கூரையிலிருந்து கண்ணை இறக்கிக் கரும்பலகையைப் பார்த்தார். இன்னொரு மூலையில் சரவணனும் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தாளின் மேல் குனிந்தார்கள்.